வீட்டுக்குள் ஃபைல் ஷேரிங்கும் பிரிண்டர் ஷேரிங்கும் நின்றுபோனால்: அறிகுறி வாரியாகப் பார்க்கும் முறை

மதுரையில் வீட்டையே அலுவலகமாக வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். 2004-ல் உயர் நீதிமன்றக் கிளை உலகனேரியில் தொடங்கிய பிறகு அண்ணா நகர், கே.கே. நகர், ஒத்தக்கடைப் பக்கம் முன்னறையில் அலுவலகம் போட்ட வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். ஜிஎஸ்டி கணக்குப் பார்ப்பவர்கள், டியூஷன் எடுப்பவர்கள், அழைப்பிதழ் வடிவமைப்பவர்களும் உண்டு. எல்லா வீட்டிலும் ஏற்பாடு ஏறக்குறைய ஒன்றுதான். கீழே ஒரு டெஸ்க்டாப், அதில் யூஎஸ்பி கேபிளில் ஒரு லேசர் பிரிண்டர், மாடியில் ஒன்றிரண்டு லேப்டாப். மாடியிலிருந்து பிரிண்ட் போக வேண்டும், கீழே இருக்கும் ஃபோல்டர் மேலே திறக்க வேண்டும்.

நின்றுபோனதும் எல்லாரும் சொல்வது, "நேத்து வரைக்கும் நல்லாத்தாண்ணே ஓடிக்கிட்டு இருந்துச்சு." அது உண்மைதான். அதனால் நேற்றுக்கும் இன்றைக்கும் நடுவில் என்ன மாறியது என்று முதலில் யோசியுங்கள். கரண்ட் போய் வந்ததா? நெட் இணைப்புக்காரர் வந்து பெட்டியை மாற்றிவிட்டுப் போனாரா? விண்டோஸ் அப்டேட் ஆனதா? நான் பார்த்தவரை பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான் காரணம்.

அதைவிட்டு ஷேரிங் செட்டிங்கைத் திறந்து கண்ணில் படுவதையெல்லாம் மாற்ற ஆரம்பித்தால், பழைய கோளாறோடு புதிதாக நாலு கோளாறு சேரும். முக்கியமாக மூன்று காரியங்களைச் செய்யாதீர்கள்: வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் ஃபயர்வாலை நிரந்தரமாக அணைப்பது, ஃபைல் ஷேரிங்குக்கு முன்பு பயன்பட்ட பழைய எஸ்எம்பி 1 வசதியைத் திரும்பப் போடுவது, யாராக இருந்தாலும் என்று பொருள்படும் 'எவ்ரிஒன்' என்ற பெயருக்கு முழு அனுமதி கொடுப்பது. இவற்றால் சில நேரம் வேலை நடந்துவிடும். ஆனால் வீட்டுக் கதவு திறந்தே கிடக்கும். 2017 மே மாதம் உலகம் முழுக்கப் பரவிய வான்னகிரை என்ற, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ், எஸ்எம்பி 1-ல் இருந்த ஓட்டை வழியாகத்தான் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியது.

இங்கே சொல்வது விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது என்பதையும் மனதில் வையுங்கள்.

## எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இது

இரண்டு கம்ப்யூட்டரின் ஐபி எண்ணையும் (வீட்டு நெட்வொர்க்கில் அதன் முகவரி) ஒரு தாளில் எழுதுங்கள். செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், இணைந்திருக்கும் வைஃபை அல்லது ஈதர்நெட்டைத் தொட்டால் ஐபிவி4 அட்ரஸ் என்று இருக்கும். 192.168.1.10 என்பது போல நான்கு பகுதி. வீட்டு ரூட்டர்களில் பொதுவாக முதல் மூன்று பகுதி இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். கடைசிப் பகுதி வேறாக இருக்க வேண்டும். முதல் மூன்று பகுதியே வேறாக இருந்தால், பிங் பதில் எதுவானாலும் 'ஒன்றுக்கொன்று எட்டவே இல்லை' என்ற தலைப்புக்குப் போங்கள்.

பிறகு மாடி லேப்டாப்பில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, கீழே உள்ள கம்ப்யூட்டரின் எண்ணுக்குப் பிங் கொடுங்கள், அதாவது ping என்று தட்டி, இடைவெளி விட்டு அந்த எண்ணைத் தட்டுங்கள். அது பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை இது. மூன்று விதமாகப் பதில் வரும்.

பதில் ஒழுங்காக வந்தால் பாதை சரி. கோளாறு ஷேரிங்கில் இருக்கிறது. கீழே உங்கள் அறிகுறியைத் தேடிப் போங்கள்.

'ரெக்வெஸ்ட் டைம்டு அவுட்' என்று வந்தால், பெரும்பாலும் அந்தக் கம்ப்யூட்டர் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. அதன் ஃபயர்வால் பேச விடவில்லை. 80070035 தலைப்புக்குப் போங்கள்.

'டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்' என்று உங்கள் எண்ணிலிருந்தே பதில் வந்தால், இரண்டுக்கும் நடுவில் பாதையே இல்லை. ஷேரிங் செட்டிங்கில் கை வைத்துப் பயனில்லை. அடுத்த தலைப்பைப் படியுங்கள்.

## அறிகுறி: ஒன்றுக்கொன்று எட்டவே இல்லை

கீழே உள்ள கம்ப்யூட்டர் தூங்கிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்லீப் போன கம்ப்யூட்டர் ஃபோல்டரையும் தராது, பிரிண்டரையும் தராது. பவர் செட்டிங்கில் கரண்டில் ஓடும்போது ஸ்லீப் ஆக வேண்டாம் என்று மாற்றுங்கள். திரை மட்டும் அணையட்டும்.

அடுத்து, இரண்டும் ஒரே வைஃபையில்தானா? விருந்தாளிகளுக்கென்று வைத்த கெஸ்ட் வைஃபையில் ஒன்று போய் ஒட்டிக்கொண்டிருந்தால் நெட் வரும், யூடியூப் ஓடும், பக்கத்துக் கம்ப்யூட்டர் மட்டும் தெரியாது. கெஸ்ட் வைஃபையை அப்படித்தான் செய்திருக்கிறார்கள். சில ரூட்டர்களில் சாதாரண வைஃபையிலேயே 'ஏபி ஐசொலேஷன்' என்று ஒரு டிக் இருக்கும். அது ஆன் ஆகியிருந்தாலும் இதே கதைதான். ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸிலும் இன்னொன்று 5 கிகாஹெர்ட்ஸிலும் இருப்பது தனியாக ஒரு கோளாறு அல்ல. ஒரே ரூட்டர் என்றால் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கும்.

வீட்டிலிருந்து அலுவலக நெட்வொர்க்கோடு இணைக்கும் விபிஎன் ஓடுகிறதா? அதைத் துண்டித்துவிட்டுப் பாருங்கள். விபிஎன் போட்டதும் வீட்டு நெட்வொர்க்கை மறைத்துவிடும் அலுவலக லேப்டாப்கள் உண்டு. அதை மாற்றும் அதிகாரம் அலுவலக ஐடி ஆட்களுக்குத்தான். நீங்களாக மல்லுக்கட்ட வேண்டாம்.

எண் 169.254 என்று தொடங்குகிறதா? ரூட்டரிடமிருந்து எண் கிடைக்கவில்லை என்று அர்த்தம். ரூட்டரை அணைத்து, அரை நிமிடம் விட்டுப் போடுங்கள். அது முழுதாக எழுந்த பிறகு கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். மறுபடியும் 169.254 வந்தால், கேபிளில் இருக்கும் கம்ப்யூட்டராக இருந்தால் கேபிளைச் சந்தேகப்படுங்கள்.

முதல் மூன்று பகுதி வேறு வேறாக இருந்தால், அதாவது கீழே 192.168.1, மாடியில் 192.168.0 என்று இருந்தால், வீட்டில் இரண்டு ரூட்டர் இருக்கிறது. இங்கே நான் அடிக்கடி பார்ப்பது இதுதான். நெட் இணைப்போடு வந்த பெட்டி கீழே இருக்கும். மாடிக்கு சிக்னல் எட்டவில்லை என்று ஒரு ரூட்டர் வாங்கி, அதன் 'வான்' (WAN, நெட் உள்ளே வரும்) துளையில் கேபிளைச் செருகியிருப்பார்கள். ஒரே வீட்டுக்குள் நடுவில் காம்பவுண்டுச் சுவர் எழுப்பினாற்போல் ஆகிவிடும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல அடையாளம் இருக்கிறது: கோளாறு ஒரு பக்கமாக மட்டும் இருக்கும். வில்லாபுரத்தில் டியூஷன் எடுக்கும் ஒரு டீச்சர் வீட்டில் மாடியிலிருந்து எண்ணைப் போட்டால் கீழே உள்ள ஃபோல்டர் திறந்தது, பிரிண்டும் போனது. கீழிருந்து மாடி லேப்டாப்பைத் தேடினால் மட்டும் கிடைக்கவே இல்லை. "மேல இருந்து கீழ வருது, கீழ இருந்து மேல போக மாட்டேங்குது சார்" என்று அவர் சொன்னதே கோளாறு எங்கே என்று காட்டிவிட்டது. இரண்டாவது ரூட்டருக்குப் பின்னால் இருப்பது வெளியே போகும். வெளியிலிருந்து யாரையும் உள்ளே விடாது.

தீர்வு: மாடி ரூட்டரின் செட்டிங்கில் 'ஆக்சஸ் பாயிண்ட் மோட்' இருந்தால் அதற்கு மாற்றிவிடுங்கள், முடிந்தது. இல்லாத பழைய ரூட்டர் என்றால் வரிசை முக்கியம். முதலில் அதன் சொந்த எண்ணைக் கீழ்ப் பெட்டியின் வரிசைக்குள், வேறு எதுவும் பயன்படுத்தாத ஓர் எண்ணாக, 192.168.1.2 என்பது போல மாற்றுங்கள். பிறகு அதன் டிஹெச்சிபி-யை, அதாவது கம்ப்யூட்டர்களுக்கு எண் கொடுக்கும் வேலையை, அணையுங்கள். கடைசியாகக் கேபிளை 'வான்' துளையிலிருந்து பிடுங்கி, கம்ப்யூட்டர்களை மாட்டும் 'லேன்' (LAN) துளை ஒன்றில் செருகுங்கள். கேபிளை முதலில் மாற்றினால் இரண்டு ரூட்டரும் எண் கொடுக்கப் போட்டி போடும்.

இனி கேபிள். கம்ப்யூட்டரின் லேன் துளையில் பச்சை அல்லது ஆரஞ்சு விளக்கு எரிய வேண்டும். எரியவில்லையென்றால் வேறு கேபிள், வேறு துளை மாற்றிப் பாருங்கள். பரணிலும் பால்ஸ் சீலிங்குக்கு மேலும் போகும் கேபிளை எலி கடித்திருக்கும். கடித்த இடத்தில் முறுக்கி டேப் சுற்றுவது நிற்காது. புதுக் கேபிள் இழுப்பதுதான் சரி. ஐப்பசி, கார்த்திகை இடி மழைக்குப் பிறகு ஒரே ஒரு லேன் துளை மட்டும் செத்துப்போவதும் நடக்கும். வேறு துளையில் வேலை செய்தால் அப்படியே ஓட்டலாம். எல்லாத் துளையும் போயிருந்தால் பெட்டியை மாற்ற நெட் இணைப்புக்காரரைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி: எண்ணைப் போட்டால் திறக்கிறது, நெட்வொர்க் பக்கத்தில் கம்ப்யூட்டரே தெரியவில்லை

விண்டோஸ் விசையும் ஆர் விசையும் சேர்த்து அழுத்தி, இரண்டு பின்சாய்வுக் கோட்டோடு எண்ணைத் தட்டுங்கள்: \\192.168.1.10. ஷேர் ஆன ஃபோல்டர்கள் வந்தால் உங்கள் ஷேரிங் நன்றாகத்தான் இருக்கிறது. பெயர்ப் பலகை மட்டும் விழுந்திருக்கிறது.

ரூட்டரை மாற்றினாலோ வைஃபை பெயரை மாற்றினாலோ விண்டோஸ் அதைப் புது நெட்வொர்க் என்று நினைத்து 'பப்ளிக்' ஆக்கிவிடும். செட்டிங்ஸில் அந்த வைஃபையின் ப்ராப்பர்ட்டீஸுக்குப் போய் 'பிரைவேட்' என்று மாற்றுங்கள். இரண்டு கம்ப்யூட்டரிலும் மாற்ற வேண்டும். பாதிப் பேருக்கு இங்கேயே தீர்ந்துவிடும்.

அடுத்து, 'அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸ்' பக்கத்தில் பிரைவேட் பகுதியில் 'நெட்வொர்க் டிஸ்கவரி', 'ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்' இரண்டையும் ஆன் செய்யுங்கள். ஆன் செய்து மூடித் திறந்தால் தானாக ஆஃப் ஆகியிருக்கிறதா? விண்டோஸில் பின்னணியில் ஓடும் வேலைகளைக் காட்டும் 'சர்வீசஸ்' பட்டியலில் 'ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன்', 'எஸ்எஸ்டிபி டிஸ்கவரி', 'யூபிஎன்பி டிவைஸ் ஹோஸ்ட்' ஆகியவை ஓடுகின்றனவா பாருங்கள். முதலில் சொன்னதை 'ஆட்டோமேட்டிக்' ஆக்குங்கள்.

இதற்கு மேல் இதில் நேரம் போக்காதீர்கள். எண்ணால் திறக்கும் ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கும் டிரைவ் போலத் தெரியும்படி மேப் செய்துகொண்டால் போதும். அந்த எண் மாறாமல் இருக்கச் செய்யும் வழியை பிரிண்டர் பகுதியில் சொல்கிறேன்.

## அறிகுறி: 80070035 என்ற பிழை, 'நெட்வொர்க் பாத் நாட் ஃபவுண்ட்'

மேலே சொன்ன பிரைவேட், ஷேரிங் ஆன் இரண்டையும் முடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் இருப்பது ஃபயர்வால். விண்டோஸ் ஃபயர்வாலில் 'அனுமதித்த ஆப்' பட்டியலில் 'ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்' எதிரே பிரைவேட் கட்டத்தில் டிக் இருக்க வேண்டும்.

காசு கொடுத்து வாங்கிய ஆன்டிவைரஸ் இருந்தால் அதற்குத் தனி ஃபயர்வால் இருக்கும். விண்டோஸில் எவ்வளவு திறந்துவிட்டாலும் அது விடாது. அதை ஐந்து நிமிடம் மட்டும் நிறுத்திச் சோதியுங்கள். திறந்தால், ஆன்டிவைரஸின் செட்டிங்கில் வீட்டு நெட்வொர்க்கை 'நம்பகமானது' என்று குறித்துவிட்டு ஃபயர்வாலைத் திரும்பப் போட்டுவிடுங்கள். திரும்பப் போடுவது மறந்துபோகும், கவனம்.

எட்டாதது நெட்வொர்க்கில் நேரடியாக மாட்டிய ஒரு பழைய ஹார்ட் டிஸ்க் பெட்டியோ, ஃபோல்டருக்கு ஸ்கேன் அனுப்பும் பழைய ஜெராக்ஸ் மெஷினோ என்றால், அதற்கு எஸ்எம்பி 1 மட்டும்தான் தெரிந்திருக்கும். 2017 இறுதியில் வந்த விண்டோஸ் 10-ன் 1709 பதிப்பிலிருந்து, புதிதாகப் போடும் விண்டோஸில் அது இருப்பதில்லை. மெஷினுக்கு புது ஃபர்ம்வேர் (அதற்குள் ஓடும் மென்பொருள்) இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் ஸ்கேனை ஈமெயிலுக்கோ பென் டிரைவுக்கோ அனுப்பும்படி மாற்றுங்கள். ஒரு ஸ்கேனருக்காக வழக்குக் கட்டுகளும் கணக்குகளும் இருக்கும் கம்ப்யூட்டரில் எஸ்எம்பி 1-ஐத் திறக்க நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

## அறிகுறி: யூசர்நேம், பாஸ்வேர்ட் கேட்டுக்கொண்டே இருக்கிறது

சரியான பாஸ்வேர்டைத்தான் போடுகிறோம், மறுபடி மறுபடி கேட்கிறது என்பார்கள். அனேகமாகப் போடுவது பாஸ்வேர்டாக இருக்காது, பின் எண்ணாக இருக்கும். காலையில் கம்ப்யூட்டரைத் திறக்கப் போடும் நான்கு இலக்கம் அந்தக் கம்ப்யூட்டரோடு முடிந்துவிடும். நெட்வொர்க் வழியாக நுழைய முழுப் பாஸ்வேர்டு வேண்டும். அதுவும் எந்தக் கம்ப்யூட்டரின் ஃபோல்டரைத் திறக்கிறீர்களோ, அதன் யூசர்நேமும் பாஸ்வேர்டும். உங்கள் லேப்டாப்பினுடையது அல்ல.

அந்தக் கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்டே இல்லையா? பாஸ்வேர்ட் இல்லாத கணக்கை விண்டோஸ் நெட்வொர்க் வழியாக உள்ளே விடாது. கட்டத்தைக் காலியாக விட்டு ஓகே அழுத்தினாலும் விடாது.

பாஸ்வேர்டை அண்மையில் மாற்றினீர்களா? லேப்டாப் பழையதை நினைவில் வைத்துக்கொண்டு அதையே அனுப்பிக்கொண்டிருக்கும். கண்ட்ரோல் பேனலில் 'கிரெடென்ஷியல் மேனேஜர்' திறந்து, 'விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ்' பகுதியில் அந்தக் கம்ப்யூட்டரின் பெயரிலோ எண்ணிலோ இருப்பதை நீக்குங்கள். லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்து புதிதாகப் போடுங்கள்.

இந்த மூன்றிலும் தீரவில்லையென்றால், அல்லது தினம் தினம் இந்தத் தொல்லை வேண்டாம் என்றால், நான் எல்லா வீட்டிலும் செய்வது ஒன்றுதான். ஃபோல்டர் இருக்கும் கம்ப்யூட்டரில் ஷேரிங்குக்கென்று தனியாக ஒரு கணக்கு திறப்பேன். செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், 'அதர் யூசர்ஸ்' போய்ப் புதுக் கணக்கு சேர்க்கும்போது மைக்ரோசாஃப்ட் ஈமெயில் கேட்கும்; இந்த ஆளின் விவரம் என்னிடம் இல்லை என்பதைத் தேர்ந்தெடுத்து, மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் சேர்க்கும் வழியில் போக வேண்டும். சின்னதாக, இடைவெளி இல்லாத ஆங்கிலப் பெயர், ஒரு நல்ல பாஸ்வேர்டு. அப்புறம் ஃபோல்டரின் ஷேரிங் அனுமதியை அந்தக் கணக்குக்கு மட்டும் கொடுப்பேன். மாடி லேப்டாப்பில் யூசர்நேம் கேட்கும்போது கம்ப்யூட்டர் பெயர், ஒரு பின்சாய்வுக் கோடு, கணக்கின் பெயர் என்று மூன்றையும் சேர்த்துத் தட்ட வேண்டும். 'ரிமெம்பர்' டிக் போட்டால் பிறகு கேட்காது. வீட்டில் யார் தன் பாஸ்வேர்டை மாற்றினாலும் இது பாதிக்காது.

விண்டோஸ் 11-ன் 24எச்2 அப்டேட்டுக்குப் பிறகு, பாஸ்வேர்ட் இல்லாமல் கெஸ்ட்டாகத் திறந்துகொண்டிருந்த ஹார்ட் டிஸ்க் பெட்டி திடீரென்று நின்றுபோனதா? ப்ரோ பதிப்பில் கெஸ்ட் நுழைவை அந்த அப்டேட் நிறுத்திவிட்டது. அந்தப் பெட்டியிலும் ஒரு கணக்கும் பாஸ்வேர்டும் வைத்துவிட்டால் சரியாகிவிடும். அப்டேட்டைத் திரும்ப எடுக்கத் தேவையில்லை.

## அறிகுறி: ஃபோல்டர் திறக்கிறது, ஆனால் சேமிக்க முடியவில்லை, அல்லது சில ஃபைல் மட்டும் திறக்கவில்லை

ஷேர் ஆன ஃபோல்டருக்கு இரண்டு இடத்தில் அனுமதி உண்டு. ப்ராப்பர்ட்டீஸில் 'ஷேரிங்' பக்கம் ஒன்று, 'செக்யூரிட்டி' பக்கம் இன்னொன்று. இரண்டில் எது குறைவோ அதுதான் நடக்கும். ஷேரிங்கில் எழுதும் அனுமதி கொடுத்து, செக்யூரிட்டியில் படிக்க மட்டும் இருந்தால் படிக்கத்தான் முடியும்.

பத்து ஃபைலில் இரண்டு மட்டும் மறுக்கிறது என்றால், அந்த இரண்டும் டெஸ்க்டாப்பிலிருந்தோ டவுன்லோட்ஸிலிருந்தோ கட் செய்து கொண்டுவந்தவையாக இருக்கும். ஒரே டிரைவுக்குள் கட் செய்து நகர்த்தினால் பழைய இடத்து அனுமதியோடுதான் வரும். காப்பி செய்தால் புது இடத்து அனுமதியை எடுத்துக்கொள்ளும். ஃபைலை அங்கேயே ஒரு காப்பி எடுத்து, பழையதை நீக்கினால் தீர்ந்தது.

மேப் செய்த டிரைவ் எக்ஸ்புளோரரில் தெரிகிறது, கணக்கு மென்பொருளுக்குள் மட்டும் தெரியவில்லையா? அந்த மென்பொருளை 'அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டு' என்று வைத்திருப்பார்கள். அதை எடுத்துவிடுங்கள்.

## அறிகுறி: ஃபைல் திறக்கிறது, தமிழ் மட்டும் ஆங்கில எழுத்தாகச் சிதறித் தெரிகிறது

இதை நெட்வொர்க் கோளாறு என்று நினைத்துப் பலர் ஷேரிங்கைக் கலைத்துப் போடுகிறார்கள். ஷேரிங் நன்றாக இருக்கிறது. ஃபைல் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. அந்த எழுத்துரு இந்தக் கம்ப்யூட்டரில் இல்லை. அழைப்பிதழ் வேலை செய்யும் வீடுகளில் சர்வ சாதாரணம். எழுத்துருவை இந்தக் கம்ப்யூட்டரிலும் போடுங்கள். பிரிண்ட் மட்டும்தான் வேண்டும் என்றால் அடித்த கம்ப்யூட்டரிலேயே பிடிஎஃப் ஆக்கி ஷேர் ஃபோல்டரில் போட்டால் போதும். புதிதாக அடிப்பதை யூனிகோடில் அடித்தால் இந்தச் சிக்கல் வராது.

## அறிகுறி: பிரிண்டர் 'ஆஃப்லைன்' என்று காட்டுகிறது

இதற்கு முதல் கேள்வி: பிரிண்டர் யூஎஸ்பி-யிலா, வைஃபையிலா?

யூஎஸ்பி என்றால், அது மாட்டியிருக்கும் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அந்தக் கம்ப்யூட்டரிலிருந்தே ஒரு தாள் எடுத்துப் பாருங்கள். அங்கேயே வரவில்லையென்றால் மாடி லேப்டாப்பை விடுங்கள், கோளாறு கீழே. யூஎஸ்பி கேபிளை வேறு துளைக்கு மாற்றினால் விண்டோஸ் அதை 'காப்பி 1' என்று புதுப் பிரிண்டராகப் போட்டிருக்கலாம். ஷேர் ஆனது பழையது, உயிரோடு இருப்பது புதியது. கேபிளைப் பழைய துளைக்கே மாற்றுங்கள். அங்கே வருகிறது, மாடியில் மட்டும் ஆஃப்லைன் என்றால் பிரிண்ட் வரிசைச் சாளரத்தில் 'யூஸ் பிரிண்டர் ஆஃப்லைன்' டிக் இருக்கிறதா பாருங்கள்.

வைஃபை பிரிண்டர் என்றால், மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலையில் போன கரண்ட் மாலையில் வந்த பிறகுதான் இந்த அறிகுறி அதிகம். ரூட்டரும் பிரிண்டரும் ஒரே நேரத்தில் எழுந்திருக்கும், பிரிண்டருக்கு வேறு எண் கிடைத்திருக்கும், லேப்டாப் பழைய எண்ணுக்கே தட்டிக்கொண்டிருக்கும். அவசரத்துக்கு: ரூட்டர் எழுந்த பிறகு பிரிண்டரை அணைத்துப் போடுங்கள். நிரந்தரத்துக்கு: ரூட்டர் செட்டிங்கில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' என்ற பகுதியில் பிரிண்டருக்கு ஓர் எண்ணை ஒதுக்கிவிடுங்கள். ஃபோல்டர் வைத்திருக்கும் கம்ப்யூட்டருக்கும் அப்படியே ஒதுக்குங்கள்.

பிறகு லேப்டாப்பில் பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸ், 'போர்ட்ஸ்' பக்கம். டிக் விழுந்திருப்பது 'டபிள்யூஎஸ்டி' என்று தொடங்கும் போர்ட் என்றால் அதுதான் அடிக்கடி ஆஃப்லைன் ஆவதற்குக் காரணம். 'ஆட் போர்ட்' அழுத்தி 'ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி' தேர்ந்தெடுத்து, ஒதுக்கிய எண்ணைக் கொடுங்கள். எண் சரி, பிரிண்டரும் விழித்திருக்கிறது, இருந்தும் ஆஃப்லைன் என்றால் அதே பக்கத்தில் 'கான்ஃபிகர் போர்ட்' உள்ளே 'எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ்' டிக்கை எடுத்துவிடுங்கள்.

புது ரூட்டர் வந்த பிறகு பிரிண்டர் வைஃபையையே பிடிக்கவில்லையா? வீட்டு பிரிண்டர்களில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் பிடிக்கும். ரூட்டரில் இரண்டு அலைவரிசைக்கும் தனித்தனிப் பெயர் வைத்து, 2.4-ல் பிரிண்டரைச் சேருங்கள்.

கரண்ட் பற்றி ஒன்று: ரூட்டரைச் சின்ன யூபிஎஸ்ஸில் போடுவது நல்லது. லேசர் பிரிண்டரை யூபிஎஸ்ஸிலோ இன்வெர்ட்டரிலோ போடாதீர்கள். உள்ளே சூடேறும் பகுதி ஒரே இழுப்பில் நிறைய மின்சாரம் எடுக்கும், யூபிஎஸ் தாங்காது.

## அறிகுறி: ஷேர் ஆன பிரிண்டரைச் சேர்க்கும்போது பிழை எண் வருகிறது

11பி என்றோ 709 என்றோ முடியும் எண்கள் 2021-ல் பிரிண்ட் பகுதியின் ஓட்டைகளை அடைக்க வந்த அப்டேட்டுகளுக்குப் பிறகு பரவலாயின. ஒரு கம்ப்யூட்டர் அப்டேட் ஆகி இன்னொன்று ஆகாமல் இருப்பதுதான் முதல் காரணம். இரண்டையும் முழுக்க அப்டேட் செய்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஓர் எண்ணைப் பூஜ்யமாக்கு என்று சொல்லும் வழி, அந்த அடைப்பைத் திரும்பப் பிடுங்குவதுதான். அதை நான் செய்வதில்லை. அதற்குப் பதில் இப்படிச் செய்து பாருங்கள்.

மாடி லேப்டாப்பில் பிரிண்டரின் டிரைவரை (அதை இயக்கும் மென்பொருள்), தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து எடுத்து முதலில் போட்டுவிடுங்கள். பிறகு பிரிண்டர் சேர்க்கும் இடத்தில் 'மேனுவலாகச் சேர்' என்று போய், லோக்கல் பிரிண்டர், புதுப் போர்ட், 'லோக்கல் போர்ட்' என்று தேர்ந்தெடுங்கள். போர்ட்டின் பெயர் கேட்கும் இடத்தில் இரண்டு பின்சாய்வுக் கோடு, கீழ்க் கம்ப்யூட்டரின் எண், ஒரு பின்சாய்வுக் கோடு, பிரிண்டரின் ஷேர் பெயர். ஷேர் பெயர் இடைவெளி இல்லாமல் சின்னதாக இருந்தால் நல்லது. அப்புறம் பட்டியலில் அதே மாடலின் டிரைவரைக் காட்டுங்கள். முன்னதாக அந்தக் கம்ப்யூட்டரின் ஏதாவது ஒரு ஃபோல்டரைத் திறந்து, பாஸ்வேர்ட் போட்டு நுழைந்திருக்க வேண்டும்.

டிரைவர் போட அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்ட் கேட்பது கோளாறு அல்ல. 2021 ஆகஸ்ட் அப்டேட்டிலிருந்து அப்படித்தான்.

ரூட்டரில் யூஎஸ்பி துளை இருக்கிறதே, அதில் பிரிண்டரைச் செருகலாமா என்று கேட்பார்கள். நம் வீடுகளில் அதிகம் இருக்கும் எச்பி 1020, கேனான் எல்பிபி 2900 மாதிரியான சின்ன லேசர்கள், பக்கத்தைத் தயார் செய்யும் வேலையைக் கம்ப்யூட்டரிடம் விட்டவை. ரூட்டரில் அவை ஓடும் என்று நம்பிக் காசு போடாதீர்கள்.

## அறிகுறி: பிரிண்ட் வரிசையிலேயே நிற்கிறது

முதலில் பிரிண்டரின் விளக்கைப் பாருங்கள். தாள் இருந்தும் தாள் விளக்கு மின்னினால், கேட்ட தாளும் தட்டில் உள்ள தாளும் வேறு. லீகல் சைஸில் அடித்த மனுவை ஏ4 தட்டுக்கு அனுப்பியிருப்பீர்கள். விண்டோஸ் அமெரிக்க வழக்கப்படி 'லெட்டர்' என்று வைத்திருப்பதும் உண்டு. பிரிண்டிங் ப்ரெஃபரன்ஸில் ஏ4 ஆக்குங்கள்.

விளக்கு சாதாரணமாக இருந்து, 'டெலீட்டிங்' என்று போட்டும் போகாமல் நின்றால்: சர்வீசஸில், பிரிண்ட் வரிசையை நடத்தும் 'பிரிண்ட் ஸ்பூலர்' நிறுத்துங்கள். சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் என்று உள்ளே போய், அங்கே இருக்கும் ஃபைல்களை மட்டும் நீக்குங்கள். பக்கத்தில் டிரைவர்ஸ் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும், அதைத் தொடாதீர்கள். ஸ்பூலரைத் திரும்ப ஓட்டுங்கள். இரண்டு கம்ப்யூட்டரிலும் செய்ய வேண்டும்.

தாள் தாளாகப் புரியாத குறிகள் வந்தால் டிரைவர் வேறு மாடலுடையது. தாள் சிக்கினாலும், மை அழித்தால் வந்துவிட்டாலும், கோடு கோடாக வந்தாலும் அது பிரிண்டர் மெக்கானிக் வேலை.

## அறிகுறி: போனிலிருந்து பிரிண்டர் தெரியவில்லை

போன் வீட்டு வைஃபையில் இருக்க வேண்டும், மொபைல் டேட்டாவில் அல்ல. வைஃபை பிரிண்டர் என்றால் ஆண்ட்ராய்டில் 'டிஃபால்ட் பிரிண்ட் சர்வீஸ்' ஆன், ஐபோனுக்கு ஏர்பிரிண்ட் உள்ள பிரிண்டர். கம்ப்யூட்டரில் மாட்டிய யூஎஸ்பி பிரிண்டரை விண்டோஸில் ஷேர் செய்தாலும் போனில் தானாக வராது. ஃபைலை ஷேர் ஃபோல்டருக்கு அனுப்பி அங்கிருந்து எடுப்பதே எளிது.

## அறிகுறி: காப்பி ஆக நெடுநேரம் ஆகிறது

கேபிளில் இருக்கும் கம்ப்யூட்டரில் நெட்வொர்க் விவரத்தில் வேகம் 1000 என்று இருக்க வேண்டிய இடத்தில் 100 என்று இருந்தால், நொடிக்கு 11, 12 மெகாபைட்டுக்கு மேல் போகாது. கிகாபிட்டுக்குக் கேபிளின் நான்கு ஜோடிக் கம்பியும் வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் 100-க்கு இறங்கிவிடும். இரண்டு முனையிலும் கிளிப்பைப் புதிதாக அடிக்கச் சொல்லுங்கள். ரூட்டரின் துளையே 100 தான் என்றால் கேபிளை மாற்றிப் பயனில்லை. மாசி வீதிகளை ஒட்டிய பழைய வீடுகளில் தடித்த சுவரைத் தாண்டி வைஃபை தளர்ந்துவிடும். அங்கே முன்னறையிலிருந்து பின்னறைக்கு ஒரு கேட் 6 கேபிள் இழுப்பதே நிற்கும் தீர்வு. கரண்ட் வயர் போகும் அதே குழாயில் இழுக்க விடாதீர்கள்.

## அறிகுறி: ஃபைல்களின் பெயருக்குப் பின்னால் புது எழுத்துகள், பணம் கேட்டு ஒரு குறிப்பு

உடனே எல்லாக் கம்ப்யூட்டரின் கேபிளையும் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். பேக்கப் டிஸ்க் மாட்டியிருந்தால் கழற்றுங்கள். எதையும் நீக்க வேண்டாம், புதிதாக எதையும் போட்டுப் பார்க்க வேண்டாம். இது ஷேரிங் கோளாறு அல்ல. தெரிந்த ஆளை வரச் சொல்லுங்கள்.

## ஆளைக் கூப்பிடும்போது

ரூட்டரின் அட்மின் பாஸ்வேர்ட் உங்களிடம் இல்லை, எல்லா லேன் துளையும் செத்திருக்கிறது, ஹார்ட் டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போடுகிறது, சுவருக்குள் போகும் கேபிள் அறுந்திருக்கிறது: இந்த நான்குக்கும் தாமதிக்காமல் ஆளைக் கூப்பிடுங்கள். டிஸ்க் சத்தம் போட்டால் அந்தக் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுக் கூப்பிடுங்கள்.

மற்றவற்றுக்கு மேலே உள்ளதைச் செய்தும் தீரவில்லையென்றால், எழுதி வைத்த இரண்டு எண், பிங் கொடுத்தபோது வந்த பதில், பிழைத் திரையின் போட்டோ மூன்றையும் முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். பாதி வேலை போனிலேயே முடிந்துவிடும்.

அவர் கிளம்பும் முன் நீங்களே பாருங்கள்: இரண்டு கம்ப்யூட்டரிலும் ஃபயர்வால் ஆன் ஆகியிருக்க வேண்டும், 'விண்டோஸ் ஃபீச்சர்ஸ்' பட்டியலில் எஸ்எம்பி 1-க்கு டிக் இருக்கக் கூடாது, ஃபோல்டர் அனுமதியில் எவ்ரிஒன் இருக்கக் கூடாது. ரூட்டர் பாஸ்வேர்டை அவர் மாற்றியிருந்தால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.